புத்தகம் செய்ய வந்திருக்கும் பிள்ளைகளுக்கு

போன மாதம் ஆறு பேர் எங்கள் அச்சகத்துக்கு வந்தீர்கள். நாலு பேர் லேஅவுட் பழக, ரெண்டு பேர் சொந்தமாகப் பதிப்பகம் தொடங்கும் எண்ணத்தோடு. மூலையில் துணி போர்த்திக் கிடக்கிற ட்ரெடில் மிஷினைப் பார்த்து உங்களில் ஒரு தங்கச்சி கேட்டாள்: "தாத்தா, இதுல அடிச்ச புத்தகம்தான் அழகுன்னு சொல்றாங்களே, நிஜமா?" நான் வாயைத் திறக்கும் முன்னே பக்கத்தில் நின்ற தம்பி பதில் சொல்லிவிட்டான்: "டெக்னாலஜி வளர வளர எல்லாமே பெட்டராத்தான் ஆகும்." அன்றைக்கு பைண்டிங் ஆள் வாசலில் காத்திருந்தார், பேச முடியவில்லை. ஆனால் அந்தக் கேள்வியும் பதிலும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டன.

1964இல், பதினாலு வயதில், கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் வேலைக்குச் சேர்ந்தேன். ஈய எழுத்து, அதற்குப் பிறகு ஆஃப்செட், பிறகு டிடிபி, இப்போது ஐம்பது பிரதி மட்டும் அடித்துத் தருகிற டிஜிட்டல் மிஷின் என்று நாலையும் கையால் தொட்டிருக்கிறேன். அந்த ஒரு தகுதியில்தான் இதை எழுதித் தருகிறேன்.

1. 'பெட்டர்' என்று யாராவது சொன்னால், எதில் என்று கேளுங்கள்.

சில விஷயங்களில் அந்தத் தம்பி சொன்னது சரி. ரசனைக்கு இடமே இல்லாத அளவுக்குச் சரி. ஓலைச்சுவடியை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். அதனால் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். கொம்பில் ஒற்றை, இரட்டை வித்தியாசம் கிடையாது. காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். ஓலையில் 'கொல' என்று இருந்தால் அது கொல், கோல், கொல, கெரல் என்று எதுவாகவும் இருக்கலாம். படிப்பவர் பாட்டின் பொருளையும் யாப்பையும் வைத்துத்தான் முடிவு கட்ட வேண்டும். உ.வே. சாமிநாதையர் போன்றவர்கள் வருஷக்கணக்கில் ஏடுகளோடு மல்லுக்கட்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

கொம்பைச் சுழித்து எகர ஏகாரத்தைப் பிரித்து எழுதும் வழக்கத்தைக் கொண்டுவந்தவர் வீரமாமுனிவர். காகிதத்தில் புள்ளி வைத்தால் எதுவும் கிழியாது. 19ஆம் நூற்றாண்டு அச்சில் புள்ளி விடாமல் எங்கும் நிலைத்தது. பத்து வயதுப் பிள்ளை இன்றைக்கு ஒரு பக்கத்தைத் தடுமாறாமல் படிக்கிறது என்றால் அந்தப் புள்ளியால்தான். இதில் ஓலைதான் அழகு என்று வாதம் செய்ய ஒன்றுமில்லை. வாசிப்பில் தெளிவு என்ற ஒன்றில் காகிதமும் அச்சும் ஓலையை வென்றுவிட்டன. அந்த ஒன்றில் என்பதைச் சேர்த்துச் சொல்லப் பழகுங்கள்.

2. ஈயத்தின் மேல் மோகம் வேண்டாம்.

தாளைத் தடவினால் எழுத்தின் பள்ளம் விரலில் படுகிறதே, அதுதான் பழைய அச்சின் உயிர் என்று இப்போது நிறையப் பேர் சொல்கிறார்கள். எங்கள் ஃபோர்மேன் உயிரோடு இருந்தால் அந்தப் பள்ளத்தைப் பார்த்துத் திட்டியிருப்பார். நல்ல மிஷின்மேன் அடித்த தாளைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் புடைப்புத் தெரியக் கூடாது. எழுத்து தாளைத் தொட்டு மையை மட்டும் விட்டுவிட்டு வர வேண்டும். ஆழமாக அழுத்தினால் ஈயம் சீக்கிரம் தேயும். நீங்கள் ரசிக்கும் பள்ளம் எங்கள் காலத்துக் குறை.

தேய்ந்த எழுத்தில் முதலில் போவது புள்ளிதான். முதல் தாளில் 'கண்' என்று இருப்பது ஆயிரமாவது தாளில் 'கண' என்று வரும். அச்சு முடிந்ததும் எழுத்தையெல்லாம் பிரித்து அந்தந்த அறையில் போட்டுவிடுவோம், ஈயம் அடுத்த வேலைக்கு வேண்டுமே. அதனால் ரெண்டாம் பதிப்பு வந்தால் முதல் எழுத்திலிருந்து மறுபடி கோக்க வேண்டும். பழைய பிழை போய்ப் புதுப் பிழை வரும். தமிழுக்கு, ஜ, ஷ, ஸ வகைகளையும் சேர்த்தால், நூற்றைம்பது அறைக்குக் குறையாத கேஸ். அதன் முன்னால் பத்து மணி நேரம் நிற்க வேண்டும். ஈயம் விஷம் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. அந்தக் கையாலேயே வடை வாங்கித் தின்றோம். பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டிய வயதில் ஐந்து பையன்கள் அங்கே நின்றோம். அந்த நாள் திரும்பி வர வேண்டும் என்று என் வாயால் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

3. கருவியைச் செய்தவருக்கு உங்கள் எழுத்து தெரியுமா என்று பாருங்கள்.

தரங்கம்பாடிக்கு 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்து இறங்கின. அன்றைய நிலையில் அதைவிடப் புதிய சாமான் இந்தக் கரையில் கிடையாது. ஆனால் எழுத்துகள் மிகப் பெரியவை. அவற்றை வைத்து அச்சிட்டால் காகிதம் கட்டுபடியாகாது. தமிழ் வாசிக்காத கைகள் வெட்டியவை அவை, எவ்வளவு தூரம் சிறிதாக்கினால் தமிழ்க் கண்ணுக்குப் புரியும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? பிறகு இங்கேயே சிறிய எழுத்து வெட்டி வார்த்தார்கள். தரங்கம்பாடி மிஷனரி சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1715இல் முழுதாக அச்சேறியது. மிஷின் மாறவில்லை, எழுத்து மட்டும் கண் அருகில் வந்தது.

இன்றைக்கு நீங்கள் இறக்குகிற ஒவ்வொரு மென்பொருளும் ஹாலேயிலிருந்து வந்த பெட்டி மாதிரிதான். பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் புகழ வேண்டும்.

4. புதியது பழையதைவிட மோசமாக இருந்தால் அதை வெளியே சொல்லுங்கள். சொல்லிவிட்டு என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒருவர் கதை இருக்கிறது.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் கனூத் என்று ஒரு கணினி அறிஞர். நிரல் எழுதும் கலையைப் பற்றிப் பல பாகங்களாகப் பெருநூல் எழுதிவருகிறவர். அதன் ரெண்டாம் பாகம் 1969இல் முதலில் வந்தபோது மோனோடைப் இயந்திரத்தில், உருக்கிய ஈயத்தில் கோத்த புத்தகம். கணிதக் குறிகளெல்லாம் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும். 1977இல் அதன் மறுபதிப்புக்கு அவர் கைக்குப் புரூஃப் வந்தது. அதற்குள் ஈயம் போய், ஒளியால் எழுத்துக் கோக்கும் முறை வந்துவிட்டது. புது முறை, வேகமான முறை. அந்தத் தாள்களைப் பார்த்து அவருக்கு மனசே விட்டுப்போயிற்று. எழுத்தின் வடிவமும் இடைவெளியும் பழைய புத்தகத்துக்குப் பக்கத்தில் நிற்கவில்லை.

ஈயத்துக்குத் திரும்பிப் போக அவருக்கு வழியில்லை. வந்ததை ஏற்றுக்கொள்ளவும் மனமில்லை. நூற்றாண்டுக் கணக்கான பழைய அச்சுப் புத்தகங்களை எடுத்துவைத்து, கம்பாசிட்டர்கள் எந்தக் குறிக்குப் பக்கத்தில் எவ்வளவு இடம் விட்டார்கள் என்று அளந்து படித்தார். அந்த அறிவையெல்லாம் கணினிக்குச் சொல்லிக்கொடுத்து 'டெக்' என்ற மென்பொருளை உருவாக்கினார். சில மாதத்தில் முடியும் என்று நினைத்துத் தொடங்கியது கிட்டத்தட்டப் பத்து வருஷம் இழுத்தது. தானே செய்த எழுத்துரு திருப்தியாக இல்லை என்று 1980களில் அதை மறுபடி வரைந்தார். முடிந்ததும் எல்லாவற்றையும் உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டார். உலகம் முழுக்கக் கணிதக் கட்டுரைகள் இன்றைக்கும் பெரும்பாலும் அதில்தான் கோக்கப்படுகின்றன.

இதில் என்னைத் தொட்டது இன்னொன்று. நாங்கள் எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கைக் கையில் பிடித்து வரி வரியாகக் கோப்போம். வரி முடிகிற இடத்தில் சொல் அடங்கவில்லை என்றால் அந்த வரிக்குள்ளேயே இடைவெளியைக் கூட்டியோ குறைத்தோ சமாளிப்போம். அழகு கெட்டால் மூன்று வரி பின்னால் போய்ப் பிரித்துக் கோக்கலாம்தான், ஆனால் மகா பொறுமைசாலி மட்டுமே அதைச் செய்வார். கனூத்தும் அவரோடு வேலை செய்தவர்களும் மொத்தப் பத்தியையும் ஒரே சமயத்தில் பார்த்து, எந்தெந்த இடத்தில் வரியை உடைத்தால் பத்தி முழுதும் சமமாக அமையும் என்று கணக்குப் போடும் முறையைக் கண்டுபிடித்தார்கள். நான் வாலிப வயதில் கையால் செய்ய முடியாததை அது ஒரு நொடியில் செய்கிறது. முதல் தடவை அதைத் திரையில் பார்த்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. புதியது முதலில் பழையதைவிடக் கீழே விழுந்தது. பழைய கைகளிடம் போய்ப் படித்த ஒருவர் அதைத் தூக்கி, பழையதையும் தாண்டவைத்தார். தானாக எதுவும் ஏறவில்லை.

5. வரியின் தலையில் கால் நிற்கக் கூடாது.

டிடிபி வந்த புதிதில், 1990களில், தமிழ்ப் புத்தகங்களில் ஒரு கேவலம் நடந்தது. 'மாடு' என்ற சொல்லில் மகரம் ஒரு வரியின் கடைசியில் நிற்கும். அதன் கால் மட்டும் அடுத்த வரியின் தொடக்கத்தில் தனியாக நிற்கும். 'பேச்சு' என்பதில் கொம்பு இந்த வரியில் தொங்கும், பகரம் அடுத்த வரிக்குப் போயிருக்கும். அந்தக் காலத்து எழுத்துருக்களில் காலும் கொம்பும் தனித்தனிக் குறி. கணினிக்கு அவை வெறும் வடிவங்கள், எங்கே வேண்டுமானாலும் உடைக்கும்.

கவனியுங்கள், ஈயத்திலும் கால் தனி அச்சுதான், கொம்பு தனி அச்சுதான். அதே மாதிரி உடைக்க எங்களுக்கும் முடியும். முப்பது வருஷத்தில் ஒரு கம்பாசிட்டர் அப்படி உடைத்து நான் பார்த்ததில்லை. எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர்கள்தான் நாங்கள், ஆனால் கோக்கும்போது வாய்க்குள் படித்துக்கொண்டே கோப்போம். யூனிகோடு வந்த பிறகு மென்பொருள் உயிர்மெய்யை ஒரே எழுத்தாகப் பார்க்கிறது, அந்தக் கேவலம் பெரும்பாலும் ஒழிந்தது. அப்படியும் 'க்', 'ந்' போன்ற ஒற்றெழுத்து வரித் தொடக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இடது ஓரத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை விரல் வைத்துப் பாருங்கள். பக்கத்துக்கு ஐந்து நொடி போதும்.

6. பழைய கஷ்டத்துக்குள்ளே யார் வேலை ஒளிந்திருந்தது என்று கண்டுபிடியுங்கள்.

எனக்கு உங்களிடம் சொல்ல இருப்பதில் முக்கியமானது இதுதான்.

ஈயத்தில் ஒரு எழுத்தைத் திருத்த வேண்டுமானால் கட்டை அவிழ்த்து, இடுக்கியால் பழைய எழுத்தைப் பிடுங்கி, புதியதைச் செருகி, வரி தளர்ந்தால் இடைவெளியைச் சரிக்கட்டி, மறுபடி இறுக்க வேண்டும். ஒரு சொல்லைக் கூட்டினால் பத்தி முழுதும் நகரும். அதனால் திருத்தம் என்றால் காசு, நேரம், முதலாளியின் கோபம். எழுத்தாளர்கள் அதை அறிவார்கள். கையெழுத்துப் பிரதியை நாலு முறை படித்து, முடிந்தது என்று தீர்மானித்த பிறகே கொடுப்பார்கள். அச்சகத்தில் புரூஃப் பார்க்க ரெண்டு பேர் எதிரெதிரே உட்காருவார்கள். ஒருவர் மூலத்தை உரக்கப் படிப்பார், நிறுத்தக்குறி உட்பட. மற்றவர் புரூஃபில் கண் வைத்திருப்பார். ஒரு ஃபாரத்துக்கு, அதாவது ஒன்றாக அச்சாகும் பக்கங்களுக்கு, மூன்று புரூஃப். கும்பகோணம் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டே சென்னையில் அச்சான சீவக சிந்தாமணிக்குப் புரூஃப் திருத்திய சாமிநாதையர், 1887இல் அது வெளிவரும்வரை பட்ட பாட்டை அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் சொல்லியிருக்கிறார்.

கணினி வந்தது, திருத்தம் இலவசமாயிற்று. அருமையான விஷயம், சந்தேகமே இல்லை. ஆனால் அதோடு 'முடிந்தது' என்ற தீர்மானமும் போய்விட்டது. பிளேட் போடும் நாள்வரை ஆசிரியர் வாட்ஸ்அப்பில் திருத்தம் அனுப்புகிறார். எதிரில் உட்கார்ந்து உரக்கப் படித்தவரின் சம்பளம் வீண் செலவு என்று தோன்றி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கஷ்டம் போன அன்றைக்கே அந்தக் கஷ்டத்தின் பேரில் நடந்துகொண்டிருந்த ஒரு நல்ல வேலையும் நின்றுபோனது. யாரும் அதை நிறுத்தச் சொல்லி உத்தரவு போடவில்லை, அதனால் யாரும் கவனிக்கவும் இல்லை.

நானே செய்த தப்பைச் சொல்கிறேன். ஒரு வாழ்க்கை வரலாற்று நூலில், நாயகரை 'அவன்' என்று எழுதியிருந்த ஆசிரியர் கடைசி நேரத்தில் 'அவர்' என்று மாற்றச் சொன்னார். 'அவன' என்று வருவதையெல்லாம் 'அவர' என்று மாற்றும்படி ஒரே கட்டளை கொடுத்தேன். அவனுக்கு, அவனோடு, அவனை எல்லாம் நொடியில் சரியாயின. வினைமுற்றுகள் அப்படியே இருந்தன, 'அவர் சொன்னான்' என்று. அதைவிட, இடையே இருந்த ஒரு வெண்பாவில் 'அவனி' என்பது 'அவரி' ஆகிவிட்டது. பூமி ஒரு காய்கறியின் பெயருக்கு அருகில் போய் நின்றது. 1,200 பிரதி அடித்து முடித்த பிறகு ஆசிரியரின் மனைவி கண்டுபிடித்தார். அந்த அம்மாள் என்னைத் திட்டவில்லை. "ஐயா, யாராவது ஒருத்தர் படிச்சுப் பார்த்திருக்கலாமே" என்று மட்டும் கேட்டார். வருஷங்கள் பல ஆகின்றன, அந்தக் குரல் காதிலேயே இருக்கிறது.

ஆகவே: கடைசிப் பிரதியைத் தாளில் எடுங்கள். ரெண்டு பேர் உட்காருங்கள். உரக்கப் படியுங்கள். ஒரு தேதியைக் குறித்து, அதற்குப் பிறகு ஒரு புள்ளியும் மாறாது என்று ஆசிரியரிடம் கையெழுத்து வாங்குங்கள். கணினி இதையெல்லாம் தடுக்கவில்லை.

7. காகிதத்தின் வயதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பழைய காலத்தில் துணிக் கந்தலைக் கூழாக்கிக் காகிதம் செய்தார்கள். முந்நூறு வருஷத்துப் புத்தகத்தைப் புரட்டினாலும் தாள் வளைந்துகொடுக்கும். 19ஆம் நூற்றாண்டில் மரக்கூழ்க் காகிதம் வந்தது. மை ஊறாமலிருக்க ரோசினையும் படிகாரத்தையும் சேர்த்தார்கள். விலை மளமளவென்று இறங்கியது. ஆனால் படிகாரத்தின் அமிலம் உள்ளேயே இருந்து தாளைத் தின்னும். உங்கள் தாத்தா வைத்திருந்த 1930ஆம் வருஷத்து நாவலை எடுத்துப் பாருங்கள், மூலையை மடித்தால் அப்பளமாக நொறுங்கும். அதைவிட நூறு வருஷம் மூத்த புத்தகம் திடமாக இருக்கும். நீடித்து உழைப்பது என்ற அளவுகோலில் புதிய காகிதம் தோற்றது.

ஆனால் இங்கே நிறுத்திவிட்டால் பாதி உண்மைதான் சொன்னவனாவேன். அந்த மட்டமான காகிதம் இல்லாவிட்டால் வாரப் பத்திரிகை ஏது, நாளிதழ் ஏது? 1942இல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தியை டீக்கடைப் பெஞ்சில் எழுத்துக்கூட்டிப் படித்தே தமிழ் கற்றவர்களை எனக்குத் தெரியும். என் அப்பா அவர்களில் ஒருவர். கந்தல் காகிதத்தில் அச்சிட்டிருந்தால் அவர் கைக்கு அது வந்திருக்காது. எது மேல் என்று கேட்டால் என்னால் ஒரே பதில் சொல்ல முடியாது. படிக்கவைத்தது மட்டக் காகிதம், நின்றது நல்ல காகிதம்.

நின்றவையும் சும்மா நிற்கவில்லை. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, பழம்புத்தகக் கடைகளிலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்தவை ஒரு லட்சத்தை நெருங்கும். அந்தச் சேகரிப்பின் மேல்தான் 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. நொறுங்கும் தாளை மைக்ரோஃபிலிமிலும் பிறகு கணினியிலும் ஏற்றுகிறார்கள். பழைய கருவியால் வந்த கேட்டுக்குப் புதிய கருவி மருந்து போடுகிறது.

உங்கள் முதல் புத்தகத்துக்குக் காகிதம் வாங்கும்போது வெண்மையைப் பார்த்து மயங்காதீர்கள். அமிலம் இல்லாத தாளா என்று கேளுங்கள்.

8. பைண்டிங்: அகராதி, பாடநூல், கவிதைத் தொகுப்பு போல அடிக்கடி புரட்டும் புத்தகத்தைத் தைத்துக் கட்டுங்கள். பசை பைண்டிங் ஒருமுறை படித்து வைக்கும் நாவலுக்குப் போதும்.

9. மாறிய எழுத்தைப் பற்றி.

தமிழ்நாட்டு அரசு 1978இல் பதின்மூன்று எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. பெரியார் 1935லேயே தம் குடிஅரசு இதழில் பயன்படுத்தத் தொடங்கிய வடிவங்கள் அவை. ணை, லை, ளை, னை ஆகியவற்றின் யானைத் துதிக்கை போனது, ணா, றா, னா ஆகியவற்றிலும் அவற்றையே வைத்துக் கோக்கும் ணொ, ணோ போன்றவற்றிலும் சுழி போனது. எங்களுக்கு ஏழு அறை மிச்சம், கற்கும் குழந்தைக்கு விதிவிலக்கு மிச்சம். நான் மகிழ்ந்தவர்களில் ஒருவன். இப்போதைய கணினியோ துதிக்கையையும் அலட்டாமல் வரையும். அச்சுக்கூடத்துக்கு உதவிய அந்தச் சீர்திருத்தம் ஈய எழுத்து மறைந்த பின்னும் குழந்தைக்கு உதவிக்கொண்டிருக்கிறது. ஆனால் பழைய நூலை உருவநேர்ப் பதிப்பாகக் கொண்டுவரும்போது துதிக்கையைத் திருத்தாதீர்கள். அது பிழை இல்லை, அந்தக் காலத்தின் எழுத்து.

10. அழகைத் தேடிப் போகும்போது யாருக்காக என்பதை மறக்காதீர்கள்.

லண்டனில் வில்லியம் மாரிஸ் என்பவர் 1891இல் கெல்ம்ஸ்காட் என்ற அச்சகத்தைத் தொடங்கினார். நீராவி அச்சு ஓடிக்கொண்டிருந்த காலத்தில் கையால் இழுக்கும் இரும்பு அச்சைத் தேர்ந்தெடுத்தார். கையால் செய்த காகிதம், மரத்தில் செதுக்கிய 87 படங்கள் என்று 1896இல் ஆங்கிலக் கவிஞர் சாசரின் நூல்தொகுப்பு வெளிவந்தது. 425 பிரதி காகிதத்தில், 13 பிரதி தோலில். அதன் படத்தைப் பார்த்தாலே மூச்சு நிற்கும். நேரில் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. மாரிஸ் உழைப்பாளிகளுக்காகத் தெருவில் நின்று பேசிய சோஷலிஸ்ட். அவருடைய புத்தகத்தை அந்த உழைப்பாளி வாங்க முடியாது. அந்த முரண் அவர் வாழ்நாளில் தீரவில்லை.

பழமையின் பக்கம் நின்ற இந்த மனிதர் தம் எழுத்துருவை எப்படி உருவாக்கினார் தெரியுமா? 15ஆம் நூற்றாண்டு வெனிஸ் அச்சாளர் ஜென்சனின் எழுத்தைப் புகைப்படமாகப் பெரிதாக்கி, அதன் மேல் கண்ணை ஊன்றி வரையப் பழகினார். அன்றைக்குப் புகைப்படம் நவீனக் கருவி.

11. நாற்பது அட்டைப்படத்தை ஒரே நாளில் வரைந்து காட்டும் மென்பொருள் வந்திருக்கிறது என்று அந்தத் தம்பி காட்டினான். சம்பா நாற்று நடும் கதைக்கு, தேயிலைத் தோட்டம் போல் வரிசை பிடித்த வயலை வரைந்திருந்தது. நாற்பதில் எது பொய் என்று தெரிய, கதையைப் படித்திருக்க வேண்டும், ஒரு தடவையாவது சேற்றில் இறங்கியிருக்க வேண்டும்.

12. பிரதிகளைப் பெருக்குங்கள்.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகள் இருந்தன. எவ்வளவு அழகாக எழுதிய ஏடாக இருந்தாலும் ஒன்றே ஒன்று என்றால் ஒரு தீக்குச்சி போதும். ஆயிரம் பிரதி அடித்த மட்டமான புத்தகம் எங்கேயாவது ஒரு பரணில் பிழைத்துக்கிடக்கும். அச்சு நமக்குக் கொடுத்ததில் இதைவிடப் பெரிய நன்மையை நான் அறியேன். இது ரசனைக்கு அப்பாற்பட்டது.

கணினி அதை இன்னும் தூரம் கொண்டுபோயிற்று. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் உலகின் பல மூலைகளில் உட்கார்ந்து பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகப் போட்டார்கள். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் அப்படியே சேர்த்துவருகிறது. எந்தக் கூட்டம் வந்தாலும் இனி அவற்றை ஒரே இரவில் எரித்துவிட முடியாது. உங்களிடம் ஐம்பது பிரதி அடிக்கும் மிஷின் இருக்கிறது. எங்கள் காலத்தில் ஆயிரத்துக்குக் குறைந்து அடித்தால் கட்டாது, அதனால் அச்சேறாமல் போன கவிஞர்கள் எத்தனையோ பேர். அவர்களைத் தேடிப் போங்கள்.

13. உங்கள் கோப்பு இருபது வருஷம் கழித்துத் திறக்குமா என்று இன்றைக்கே பாருங்கள்.

1991இல் யூனிகோடில் தமிழ் இடம்பெற்றது. ஆனால் நாங்கள் அச்சகங்களில் வெகுகாலம் பழைய எழுத்துருக்களிலேயே கிடந்தோம். ஆளுக்கொரு குறியீடு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியும் குப்பையாகக் கொட்டும். 1887ஆம் வருஷத்துச் சிந்தாமணியை இன்றைக்கும் எடுத்து வாசிக்கலாம். 1997இல் நான் கோத்த புத்தகத்தின் கோப்பை என்னாலேயே வாசிக்க முடியவில்லை. ஆகவே எல்லாவற்றையும் யூனிகோடில் வையுங்கள், வெறும் உரையாக ஒரு பிரதி தனியாக வையுங்கள், ரெண்டு இடத்தில் வையுங்கள்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். அறுபதாவது வயதில் பார்வை போய்விட்டது. கணினியில் திரைவாசிப்பான் வைத்துக் கேட்டே படிக்கிறார். யூனிகோடில் இருக்கும் எதையும் அது உரக்க வாசித்துவிடும். ஸ்கேன் செய்த படத்தையோ பழைய எழுத்துருவையோ அதனால் அப்படியே வாசிக்க முடியாது. அவருடைய ஆசிரியர் எழுதிய ஒரு சிறுநூலை 1997இல் நான்தான் கோத்தேன். இப்போது அதன் அச்சுப் பிரதி எங்கும் கிடைக்கவில்லை. "அதை ஒரு தடவை கேட்டுடணும்" என்று போன தீபாவளிக்குச் சொன்னார்.

அந்தக் கோப்பைத் தேடி எடுத்து, எழுத்துரு மாற்றும் மென்பொருள் மூலம் யூனிகோடுக்குக் கொண்டுவந்தேன். அந்த மென்பொருள் பல இடங்களில் கொம்பைத் தப்பான எழுத்துக்குப் போட்டிருக்கிறது, ஒற்றை விழுங்கியிருக்கிறது. அதனால் தினமும் சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கணினி வாசிப்பதை ரெண்டு பேரும் கேட்கிறோம். தப்பான இடம் வந்ததும் அவர் கையைத் தூக்குவார், நான் நிறுத்தித் திருத்துவேன். ஒரு நாளைக்கு நாலு பக்கம் போகிறது. நேற்று 72ஆம் பக்கம் முடிந்தது.